புதுக் கணினியில் காணாமல் போன தமிழ்

பகாங் மாநிலத்தின் மேற்குக் கோடியில், தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையின் உச்சியில் இருக்கிறது கேமரன் மலை. ஜே.ஏ. ரஸ்ஸல் என்ற பிரிட்டிஷ் தொழிலதிபர் அங்கே 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929-இல். 'பாரத்' நிறுவனத்தின் தேயிலைத் தொழில் தொடங்கியது 1933-இல். காட்டை அழித்துக் கொழுந்து பறித்த கைகளில் பெரும்பாலானவை தமிழர் கைகள். ஒரு தோட்டத்தில் பள்ளி வயதில் பத்துக் குழந்தைகள் இருந்தால் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதனால் லயங்களுக்குப் பக்கத்திலேயே தமிழ்ப்பள்ளியும் வந்தது. கோயிலும் வந்தது.

எங்கே பள்ளியும் கோயிலும் வந்தனவோ அங்கே எழுத்தும் வந்தது. கிராணியின் செக்ரோல் புத்தகம், பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, கோயில் திருவிழாக் கணக்கு, நன்கொடைப் பட்டியல், சங்கத்தின் கூட்டக் குறிப்பு, இப்படிப் பல. தோட்டத் தமிழர் வரலாற்றை யாரும் பெரிய நூல்களாக எழுதி வைத்துவிடவில்லை. இந்தச் சின்னச் சின்னக் காகிதங்கள்தான் அவர்களுடைய வரலாறு. மலைச்சாரல் நனைக்காமல், கரையான் தின்னாமல் இருந்தால் 1930-களின் காகிதத்தை இன்றும் எடுத்துப் படிக்கலாம்.

ஆனால் 1998-இல் கணினியில் அடித்து வைத்த ஒரு பள்ளி மலரை இன்று படிக்க முடியுமா? கரையான் தின்னவில்லை, தண்ணீர் படவில்லை, கோப்பு முழுதாக இருக்கிறது. திறந்து பார்த்தால் தமிழைக் காணோம். கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறியாகவும், தலையும் காலும் புரியாத ஆங்கில எழுத்துகளாகவும் தெரிகிறது. தேயிலைத் தோட்டப் பள்ளிக்கு மட்டும் நேர்ந்த கதை இல்லை இது. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் டொரொண்டோவிலும், கணினியில் தமிழ் அடித்த எல்லோருக்கும் நேர்ந்த கதை. ஒவ்வொரு முறை கணினியின் இயங்குதளம் மாறும்போதும் தமிழ் ஒரு பரிட்சை எழுத வேண்டியிருந்தது. அந்தப் பரிட்சையின் வரலாறு தெரிந்தால்தான் இழந்ததை மீட்கவும் முடியும், இருப்பதைக் காக்கவும் முடியும்.

கணினிக்கு எழுத்து தெரியாது

கணினிக்கு எண் மட்டும்தான் தெரியும். 'அ' என்று திரையில் வர வேண்டுமானால், 'அ'வுக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண் வந்தால் இந்த வடிவத்தைக் காட்டு என்று சொல்லிவைக்க வேண்டும். எண்ணை வைத்திருப்பது கோப்பு. வடிவத்தை வைத்திருப்பது எழுத்துரு. இரண்டும் வேறு வேறு. இந்த ஒரு விஷயம் விளங்கினால் மீதி எல்லாம் விளங்கிவிடும்.

அமெரிக்கர்கள் 1963-இல் வகுத்த ஆஸ்கி என்ற தரத்தில் 128 எண்கள் இருந்தன. ஆங்கில எழுத்துகளுக்கும் இலக்கங்களுக்கும் நிறுத்தக் குறிகளுக்கும் அது போதும். பின்னால் வந்த கணினிகளில் 256 இடங்கள் கிடைத்தன. முதல் 128 ஆங்கிலத்துக்கு, அடுத்த 128 அவரவர் மொழிக்கு என்று ஆயிற்று. தமிழ் எழுத்துகளோ 247. கிரந்த எழுத்துகளையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஆனால் கொம்பு, கால், கொக்கி ஆகியவற்றைத் தனியாகப் பிரித்துக்கொண்டால் 128 இடத்துக்குள் தமிழை அடக்கிவிடலாம். தட்டச்சுப் பொறி செய்ததும் அதைத்தானே!

அடக்கினார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அடக்கினார்கள். ஒருவர் 'க'வை வைத்த இடத்தில் இன்னொருவர் 'ப'வை வைத்தார். எண்ணுக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை எழுத்துரு செய்தவரே முடிவு செய்தார். அவருடைய எழுத்துரு கணினியில் இருந்தால் அது தமிழ். இல்லாவிட்டால் வெறும் எண்.

அம்மாவும் ஆம்மாவும்

இலங்கைத் தமிழரிடமும் புலம்பெயர்ந்தோரிடமும் பெரிதும் புழங்கிய 'பாமினி' எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் ஆங்கிலச் சின்ன எழுத்து 'எம்' இருக்கும் இடத்தில் 'அ' இருக்கிறது. 'கே' இருக்கும் இடத்தில் 'ம'. அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி. 'எச்' இருக்கும் இடத்தில் கால். ஆகவே 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரையில் 'அம்மா' தெரிவது பாமினி என்ற கண்ணாடி வழியாகப் பார்ப்பதால். கண்ணாடியைக் கழற்றினால் எம், கே, கே, எச்தான்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக மாற்றும் வசதி வேர்டு மென்பொருளில் இருக்கிறது. அதற்குத் தமிழ் தெரியாது. ஆங்கில 'எம்' என்றே நினைக்கும். சின்ன 'எம்'மைப் பெரிய 'எம்' ஆக்கிவிடும். பாமினியில் பெரிய 'எம்' இருக்கும் இடத்தில் இருப்பது 'ஆ'. அம்மா ஆம்மா ஆகிவிடுவார். அந்த வசதியை நிறுத்திவைக்கத் தெரியாதவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மலேசியாவில் தமிழ்க் கணிமைக்குத் தொடக்கத்திலேயே வழிகாட்டியவர் முத்து நெடுமாறன். கவிஞர் முரசு நெடுமாறனின் மகன். விண்டோஸ் பரவலாவதற்கு முன், டாஸ் காலத்திலேயே, 1985-இல் 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அது பிற்பாடு 'முரசு அஞ்சல்' ஆயிற்று. இயங்குதளம் மாற மாற அந்த மென்பொருளும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. எல்லா மென்பொருளுக்கும் அந்த ஆயுள் வாய்க்கவில்லை. செய்தவர் கைவிட்ட மென்பொருளும் எழுத்துருவும் பல. அவற்றை நம்பி எழுதிய கோப்புகளும் அவற்றோடு அநாதையாயின.

இணையம் வந்தபோது குழப்பம் ஊரறிந்த விஷயமாயிற்று. ஒவ்வொரு பத்திரிகையின் இணையத்தளமும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது. முதலில் எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள், பிறகு படியுங்கள் என்று வாசலிலேயே அறிவிப்பு. பத்து இதழ் படிக்கப் பத்து எழுத்துரு.

மூன்று நகரங்களில் முயற்சி

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்ற முயற்சி தமிழ்நாட்டுக்கு வெளியே தொடங்கியது. சிங்கப்பூரில் 1995 அக்டோபரில் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட ஓர் இணையத்தளம் தொடங்கப்பட்டபோது அதில் தமிழும் ஏறியது. அதற்கு உழைத்தவர் எழுத்தாளரும் பேராசிரியருமான நா. கோவிந்தசாமி. தமிழ் இணையத்துக்கான முதல் மாநாடு 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்தது. கோவிந்தசாமி 1999 மே மாதம் காலமானார். அவர் நட்டது பிறகுதான் காய்த்தது.

அதே காலத்தில் சுவிட்சர்லாந்திலிருந்த அறிவியலாளர் கு. கல்யாணசுந்தரம், முத்து நெடுமாறன் உள்ளிட்ட பல நாட்டு ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியாகவே விவாதித்து 'திஸ்கி' என்ற தகுதரத்தை உருவாக்கினார்கள். முதல் 128 இடத்தில் ஆங்கிலம், அடுத்த 128-இல் தமிழ், எல்லா எழுத்துருவிலும் ஒரே வரிசை. எந்த அரசும் ஆணையிடவில்லை. பயன்படுத்துவோர் தாங்களே கூடி எடுத்த முடிவு அது.

சென்னையில் 1999 பிப்ரவரியில் தமிழிணையம் 99 மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 'தமிழ் 99' விசைப்பலகையையும், 'டாம்', 'டாப்' என்ற இரண்டு எழுத்துக் குறியீடுகளையும் ஏற்றுக்கொண்டது. டாம் தமிழுக்கு மட்டும். டாப் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுத. ஆக, வெளிநாட்டுத் தமிழருக்குத் திஸ்கி, தமிழ்நாட்டுக்கு டாம், டாப் என்று தரமே மூன்றாகிவிட்டது. நூறு வழியாக இருந்த குழப்பம் மூன்று வழியாகச் சுருங்கியது என்று மகிழலாம். ஒன்றாகவில்லையே என்று வருந்தவும் செய்யலாம்.

சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டு ஜூலையில் கூடிய மாநாட்டில் 'உத்தமம்' எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது. அடுத்த மாநாட்டை 2001 ஆகஸ்டில் கோலாலம்பூர் நடத்தியது. தோட்டத்துக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பேரப் பிள்ளைகள் வாழும் நாடு, தமிழ் எழுத்தின் எதிர்காலத்தைப் பேசும் இடமாக ஆனது சிறிய செய்தி இல்லை.

'இ' மறைந்த கதை

தரம் வகுத்தால் மட்டும் போதாது, இயங்குதளமும் அதை மதிக்க வேண்டும். திஸ்கியில் 'இ'க்குக் கொடுக்கப்பட்ட இடம் 173. மேலை நாட்டு எழுத்து அட்டவணையில் அதே 173 ஒரு மறைகுறிக்கு உரியது. வரி முடியும் இடத்தில் சொல்லை உடைக்க வேண்டி வந்தால் மட்டும் அது ஒரு சிறு கோடாகத் தெரியும். மற்ற நேரத்தில் கண்ணுக்குத் தெரியக் கூடாது. அந்த எண்ணைக் கண்ட சில மென்பொருள்கள் விதிப்படி அதை மறைத்தன. விளைவு, 'இ' மறைந்தது. 'இலை' வெறும் 'லை' ஆயிற்று. 'இன்று' 'ன்று' ஆயிற்று. பிற்பாடு திஸ்கியின் திருத்தப்பட்ட வடிவத்தில் 'இ'க்கு 254-ஆம் இடம் கொடுத்தார்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் படுத்தால், வீட்டுக்காரர் கதவைச் சாத்தும்போது எழுந்துதான் ஆக வேண்டும். தமிழ் அன்று படுத்திருந்தது ஐரோப்பிய எழுத்துகளின் திண்ணையில்.

தமிழுக்குச் சொந்த வீடு

சொந்த வீடு ஒன்று முன்பே ஒதுக்கப்பட்டிருந்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யுனிகோடு, அதாவது ஒருங்குறி, 1991-இல் வெளியானபோதே அதில் தமிழ் இருந்தது. இந்திய அரசின் 1988-ஆம் ஆண்டு இஸ்கி தரத்தைப் பின்பற்றி இந்திய மொழிகளுக்கு இடம் பிரித்தார்கள். ஒருங்குறியில் 'அ' என்றால் 2949. 'க' என்றால் 2965. அந்த எண் ஜப்பானிலும் 'க'தான், ஜெர்மனியிலும் 'க'தான். வேறு எந்த மொழியின் எழுத்தும் அந்த எண்ணுக்கு உரிமை கோர முடியாது.

வீடு இருந்தும் குடியேறப் பத்தாண்டு ஆனது. ஒருங்குறியில் 'கெ' என்ற எழுத்துக்குத் தனி எண் கிடையாது. 'க'வின் எண்ணும் அதைத் தொடர்ந்து கொம்பின் எண்ணும் இருக்கும். திரையில் காட்டும்போது கொம்பை 'க'வுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது இயங்குதளத்தின் வேலை. விண்டோஸ் 95, 98 இரண்டும் தமிழுக்கு அந்த வேலையைச் செய்யவில்லை. 2000-ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 2000-தான் தமிழ் ஒருங்குறியை முதலில் தாங்கியது. அதனோடு 'லதா' என்ற தமிழ் எழுத்துருவும் வந்தது.

அடுத்து 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலும் தமிழ் இருந்தது. ஆனால் உறங்கிக்கொண்டிருந்தது. அமைப்புகளுக்குள் போய், சிக்கலான எழுத்து முறைகளுக்கான கட்டத்தில் குறியிட்டு, குறுந்தகட்டைப் போட்டு நிறுவினால்தான் விழிக்கும். குறுந்தகடு கைவசம் இல்லாதவருக்குக் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகத் தெரிந்தது. 2007-இல் விற்பனைக்கு வந்த விஸ்டாவில்தான் எதையும் நிறுவாமலேயே தமிழ் தெரிந்தது.

மலேசியப் பள்ளிகளுக்குக் கணினிகள் பெருமளவில் போய்ச் சேர்ந்த காலமும் இதுதான். 2003-இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தமிழ்ப்பள்ளிகள் உட்பட எல்லாப் பள்ளிகளிலும் தொடங்கியபோது, ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. கணினி வந்தது ஆங்கிலப் பாடத்துக்காக. அதில் தமிழை வரவழைப்பது தமிழாசிரியரின் சொந்தப் பாடாக இருந்தது. கோலாலம்பூரில் சந்தேகம் வந்தால் கேட்கக் கடை இருக்கும், ஆள் இருக்கும். தானா ராத்தா, ரிங்லெட் பட்டணங்களைத் தாண்டி, தேயிலைச் சரிவுகளுக்குள் இருக்கும் தோட்டப் பள்ளிக்கு யார் இருப்பார்கள்? பெரிய அலுவலகத்துக்கு அரை நாள் தொல்லையாக முடியும் சிக்கல், ஒதுங்கிய இடத்தில் நிரந்தர இழப்பாகிவிடும்.

பொருந்தாமைக்கு மூன்று காரணம்

பழைய தமிழ்க் கோப்பு புதுக் கணினியில் திறக்காததற்குப் பொதுவாக மூன்று காரணங்கள். முதலாவது, எழுத்துரு இல்லாமை. பழைய கணினியைக் கழித்துப் போடும்போது கோப்புகளை மட்டும் படியெடுப்பார்கள், எழுத்துருவை மறந்துவிடுவார்கள். இரண்டாவது, மென்பொருளே ஓடாமை. டாஸ் காலத்து நிரல்களும் விண்டோஸ் 3.1 காலத்து நிரல்களும் 16 பிட் வகையைச் சேர்ந்தவை. 64 பிட் விண்டோஸில் அவை நேரடியாக ஓடாது. மூன்றாவது, இடைப்பட்ட மென்பொருள் எண்களை மாற்றிவிடுதல். அம்மா ஆம்மாவானதும் 'இ' மறைந்ததும் இந்த வகை.

இதே மூன்று சோதனைகளை ஒருங்குறிக் கோப்பு எப்படித் தாண்டுகிறது என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். விண்டோஸ் 8 முதல் 'நிர்மலா' என்ற எழுத்துரு இந்திய மொழிகளுக்கு முதன்மையானது. விண்டோஸ் 10-இல் லதா எழுத்துரு கூடவே வருவதில்லை. தேவைப்பட்டால் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். ஆனாலும் 2002-இல் லதாவில் அடித்த கடிதம் இன்றும் திறக்கிறது. லதா இல்லாத இடத்தில் நிர்மலா வந்து நிற்கிறது. வடிவம் சற்று மாறும், தமிழ் மாறாது. எண் பொதுச் சொத்தாக இருப்பதால் எழுத்துரு போனாலும் எழுத்து போவதில்லை.

ஒருங்குறியிலும் குறை சொன்னவர்கள் உண்டு. உயிர்மெய் எழுத்துகளுக்குத் தனி எண் தரப்படாததால் இடம் கூடுதலாகிறது, கணிப்பு வேலை கூடுகிறது என்றார்கள். எல்லா எழுத்துக்கும் தனி எண் தரும் 'டேஸ் 16' என்ற முறையை முன்வைத்தார்கள். 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாகவும், ஒருங்குறி ஒத்துவராத இடங்களில் டேஸ் 16-ஐ மாற்றாகவும் ஏற்றது. வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் உலகம் முழுதும் கைப்பேசியும் இணையமும் ஒருங்குறியை ஏற்றுக்கொண்ட பிறகு, சிறந்த தரத்தைவிடப் பொதுத் தரத்துக்கே வலிமை அதிகம் என்பதைக் காலம் காட்டிவிட்டது.

இப்போது ஏன் அவசரம்?

விண்டோஸ் 98-க்கு மைக்ரோசாப்ட் 2006-இல் ஆதரவை நிறுத்தியது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 பல பழைய கணினிகளில் ஏறாது. அது 64 பிட் வடிவில் மட்டுமே வருகிறது. ஆகவே பள்ளிகளிலும் சங்கங்களிலும் கோயில் அலுவலகங்களிலும் பழைய கணினிகள் மூலைக்குப் போகின்றன. அவற்றின் வட்டுகளுக்குள் 1990-களின், 2000-களின் தமிழ் இருக்கிறது.

செய்ய வேண்டியது கடினமான வேலை இல்லை. கணினியைக் கழிக்கும் முன் கோப்புகளோடு எழுத்துருக்களையும் படியெடுக்க வேண்டும். எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பெயர்தான் பூட்டின் திறவுகோல். பழைய கணினி ஓடும்போதே ஒரு பக்கத்தையாவது அச்செடுத்துக்கொள்ள வேண்டும். மாற்றியது சரியா என்று ஒப்பிட அது உதவும். பாமினி, திஸ்கி, டாப் முதலிய பழைய குறியீடுகளை ஒருங்குறிக்கு மாற்ற, சுரதாவின் 'பொங்கு தமிழ்', நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். மாற்றி போன்ற கருவிகள் இலவசமாகவே வெளிவந்தன. மாற்றிய பின் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். 'ஔ'வுக்குப் பதிலாக 'ஒ'வும் 'ள'வும் தனித்தனியாக நிற்கும். 'ஸ்ரீ' உடைந்திருக்கும். அவற்றைக் கையால் திருத்த வேண்டும். மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

இதற்கு நல்ல முன்மாதிரி 'மதுரைத் திட்டம்'. தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கி இலவசமாகத் தரும் அந்தத் தன்னார்வ முயற்சி 1998 பொங்கலன்று தொடங்கியது. முதலில் ஒரு குறிப்பிட்ட எழுத்துருவில் நூல்கள் வந்தன. பிறகு திஸ்கி வந்தது, நூல்களைத் திஸ்கிக்கு மாற்றினார்கள். பிறகு ஒருங்குறி வந்தது, ஒருங்குறிக்கும் மாற்றினார்கள். சங்க இலக்கியம் ஓலையிலிருந்து காகிதத்துக்கு வந்தது உ.வே. சாமிநாதையர் போன்றோர் சுவடிகளைத் தேடிப் படியெடுத்ததால்தான். படியெடுக்காத சுவடி மண்ணானது. கணினிக் கோப்புக்கும் அதே விதிதான். ஓலைச்சுவடிக்கு நூற்றாண்டுகள் அவகாசம் இருந்தது, நெகிழ்வட்டுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. அதுவும் கேமரன் மலையின் ஈரக்காற்றில் பூஞ்சை சீக்கிரமே பிடித்துவிடும்.

தேயிலைச் சரிவுகளில் இன்று கொழுந்தெடுக்கும் கைகளில் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்களின் கைகள் பல. கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. தோட்டத் தமிழர் வீட்டுப் பிள்ளைகள் படித்துப் பட்டணங்களுக்குப் போய்விட்டார்கள். அது நல்ல வளர்ச்சி. ஆனால் ஆட்கள் இடம்பெயர்ந்த பிறகு, அவர்கள் அங்கே வாழ்ந்ததற்குச் சாட்சியாக நிற்பவை பள்ளி மலரும் திருவிழா அழைப்பிதழும் ஆசிரியர் அடித்து வைத்த பழைய மாணவர் பட்டியலும்தான். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் சென்னையிலும் சுவிட்சர்லாந்திலும் இருந்து உழைத்தவர்கள் தமிழ் எழுத்துக்கு அழியாத எண்ணை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். பழைய பெட்டிக்குள் இருக்கும் பெயர்களை அந்த எண்ணுக்கு மாற்றி எழுதும் வேலை, அந்தப் பெட்டி எவர் வீட்டில் இருக்கிறதோ அவருடையது.